அம்மா அழாத கூட்டம்

எங்கள் ஊரில் ஆண்டுக்கு ஒரு முறை எல்லோரும் ரட்சிக்கப்படுவார்கள். மாசியில் அறுப்பு முடிந்ததும் மதுரையிலிருந்து ஒரு பிரசங்கியார் வருவார். கொட்டாம்பட்டிக்குக் கிழக்கே எங்கள் ஊர் வேதக்கோவிலை ஒட்டிய களத்தில் பந்தல் போட்டு மூன்று நாள் கூட்டம். "பாவத்தை விட்டவன் முன்னால் வா" என்று அவர் கத்துவார். சனம் அழுதுகொண்டே முன்னால் போய் மண்டியிடும்.

முதல் ஆளாகப் போவது என் சித்தப்பா. வருடம் தவறாமல் போவார். நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுவார், கள்ளை விட்டேன் என்று சத்தியம் செய்வார். சித்திரை பிறந்தால் மறுபடியும் கள்ளுக்கடை. அடுத்த மாசியில் மறுபடியும் முதல் ஆள். அதற்காக அவரை யாரும் கேலி செய்ததில்லை. பரலோகத்தில் அவருக்கு இடம் உறுதி என்றே நாங்கள் நம்பினோம்.

என் அம்மா ஒருமுறைகூட முன்னால் போனதில்லை. பெண்கள் பக்கம் கடைசியில் உட்கார்ந்திருப்பாள். பாட்டு வந்தால் பாடுவாள், ஜெபம் வந்தால் கண்ணை மூடுவாள். அழமாட்டாள். எனக்கு அப்போது ஒன்பது வயது. பக்கத்து வீட்டுச் சிறுமி என்னிடம், "உங்க ஆத்தா நரகத்துக்குத்தேன் போகும். நீ மேல வந்து ஆத்தா ஆத்தான்னு தேடப்போற" என்றாள். அவளை அடித்துவிட்டேன். ஆனாலும் பயம் போகவில்லை. அம்மா இல்லாத பரலோகத்தில் நான் என்ன செய்வேன்?

அந்த வருடம் கடைசி நாள் சாயங்காலம் அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்தேன்.

"முன்னால போ ஆத்தா."

"எதுக்குடி?"

"அழுகுறதுக்கு."

"அழுகை வந்தாப் போறேன். சும்மா இரு."

முன்னால் சித்தப்பா அழுதுகொண்டிருந்தார். பக்கத்தில் சித்தி, கைக்குழந்தையோடு. குழந்தை வீறிட்டது. அம்மா எழுந்தாள். முன்னால் நடந்தாள். அம்மாவும் மண்டியிடப் போகிறாள் என்று நினைத்தேன். சித்தியிடம் குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, அப்படியே பந்தலை விட்டு வெளியே போய்விட்டாள்.

ஆத்திரத்தில் நான் ஓவென்று அழுதேன். பிரசங்கியார் ஓடி வந்து என் தலையில் கை வைத்து, "இந்தச் சின்ன ஆத்துமாவைப் பாருங்கள்!" என்று கூவினார். சனம் அல்லேலூயா சொன்னது. நான் ரட்சிக்கப்பட்டது இப்படித்தான்.

சித்திரையில் சித்தப்பா குடித்துவிட்டு எங்கள் வாசலில் விழுந்து கிடந்தார். விடிந்ததும் அம்மா கஞ்சியோடு போனாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"திட்டுங்க மதினி. மறுபடியும் விழுந்துட்டேன்."

"அதுக்குத்தேன் எந்திரிச்சுக் குடிங்கங்குறேன் தம்பி. ஆறிப்போகுது."

"எம்பேரச் சொல்லி இம்புட்டு வருசம் ஜெபம் பண்ணி என்ன கண்டீங்க?"

"நேத்துப் பண்ணுனேன், இன்னைக்கும் பண்ணுனேன். நாளைக்குப் பண்ணுறத நாளைக்குப் பாப்போம்."

அவ்வளவுதான். ஒரு வேதவசனம்கூடச் சொல்லவில்லை. தினமும் காலையில் அடுப்பை ஊதிப் பற்றவைத்ததும் அம்மா கண்ணை மூடி ஏதோ முணுமுணுப்பாள். புகை தாங்காமல் மூடுகிறாள் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

பிறகு எத்தனையோ கூட்டங்களில் நான் முன்னால் போயிருக்கிறேன். அழுதால் ஒரு வாரம் சூடு இருக்கும், அப்புறம் அணைந்துவிடும். இப்போது கிழவியாகிவிட்டேன். மேடையில் கத்துகிறவர்களைக் கண்டால் எரிச்சல்தான் வருகிறது. அம்மாவின் பக்கத்தில் அந்தப் புகையில் ஒரே ஒரு காலை குந்தியிருக்கக் கிடைத்தால் போதும். வேறெதுவும் கேட்கமாட்டேன்.

அன்றைக்கு எனக்கு அதெல்லாம் எங்கே தெரியும்? சித்தப்பா கஞ்சி குடித்து முடித்த பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே, "ஆண்டவரே, எங்கள் ஆத்தாவுக்கும் சித்தப்பாவைப் போல ஒரு நல்ல மனதைக் கொடும்" என்று உருகி உருகி ஜெபம் பண்ணினேன்.