கையா, குரலா

2006ஆம் ஆண்டு ஐப்பசி, அடைமழைக் காலம். சங்கரன்கோவில் பக்கமிருந்து வந்து, இருங்காட்டுக்கோட்டையில் வாடகை அறையில் தங்கி, கம்பெனி கேன்டீனில் வேலைக்குச் சேர்ந்திருந்த நாச்சியார், முதல் நாளே பேருந்தைத் தவறவிடப் பார்த்தாள். அப்போது மழையையும் மீறித் தெருமுனையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"யம்மா நாச்சியாரு! பஸ்ஸு உனக்காவத்தான் நிக்கிது! சிங்காரிச்சது போதும், வா!"

பெயர்ப் பட்டியலைப் பார்த்து ஷிப்ட் பேருந்தில் ஆள் ஏற்றிவிடும் வடக்குப்பட்டுப் பரசுராமனின் குரல் அது. அவர் எந்தக் கதவையும் தட்டியதில்லை; நின்ற இடத்திலிருந்து கூப்பிட்டால் மூன்று தெருக்கள் எழுந்துகொள்ளும். "தெருவே சிரிக்குதே, ஒமக்கு வெக்கமா இல்லையா?" என்று சண்டைக்குப் போனவள், அடுத்த தையில் அவரையே மணந்துகொண்டாள்.

இரண்டாண்டுகளில் அவருடைய வலது கை நடுங்கத் தொடங்கியது. பார்க்கின்சன் நோய் என்றார்கள். தேநீர் தளும்பும்போதெல்லாம், "இன்னா நைனா, காலையிலயே ஏத்திக்கினியா?" என்று கடையில் கேலி பேசினார்கள். மதுவைத் தொட்டறியாத மனிதர் சிரித்து மழுப்பினார், நாச்சியாருக்குத்தான் பொறுக்கவில்லை.

மாத்திரைகள் கைகொடுக்காமல் போனபின், 2013இல் சென்னையில் அறுவைச் சிகிச்சை செய்தார்கள். மூளைக்குள் மெல்லிய கம்பிகளைச் செலுத்தி, அவற்றுக்கு மின்சாரம் அனுப்பும் சிறு கருவியை மார்புத் தோலுக்கடியில் பொருத்தினார்கள். மின்சாரத்தின் அளவைப் பலமுறை மாற்றிப் பார்த்த மருத்துவர், ஒருநாள் பரசுராமனிடமே கேட்டார்: "கூட்டினா கை நிக்குது, பேச்சு குழறுது. குறைச்சா பேச்சு தெளியுது, கை ஆடுது. உங்களுக்கு எது முக்கியம்?"

அவர் வாய் திறக்குமுன், "கை நின்னாப் போதும் சார்," என்றாள் நாச்சியார். "அவுகளுக்கும் சேத்து நான் பேசிக்கிடுதேன்."

மருத்துவர் சிரித்தார். பரசுராமனும் சிரித்தார்; அதைச் சம்மதமென்று அவள் எடுத்துக்கொண்டாள்.

கை நின்றது. ஒரு சொட்டுத் தேநீரும் சிந்தவில்லை. ஆனால், குழறிய பேச்சைக் கேட்ட அதே ஆட்கள், "இப்பத்தான் நெஜமாவே குடிக்க ஆரம்பிச்சிட்டான்" என்றார்கள். அவர் கடைக்குப் போவதையும் பேருந்துப் பக்கம் போவதையும் நிறுத்திக்கொண்டார்.

கருவியை அணைக்க ஒரு ரிமோட் கொடுத்திருந்தார்கள். அவர் அதைச் சுட்டிக்காட்டும்போதெல்லாம், அந்தக் கை மறுபடியும் ஆடுவதைக் காண அஞ்சி, "அடுத்த தடவ டாக்டர்ட்ட கேட்டுக்கிடுவோம்" என்று தள்ளிப்போட்டாள். 2015 கார்த்திகையில் அவர் சளிக் காய்ச்சலில் கிடந்த மாலையும் அதையே சொன்னாள். மறுநாள் விடிவதற்குள் அவர் போய்விட்டார். அணைத்திருந்தால் அந்தக் குரல் திரும்பியிருக்குமா என்று இனி யாராலும் சொல்ல இயலாது. முந்தின மாலை அவர் வாயருகே காதை வைத்து அவள் கேட்டறிந்தது இவ்வளவுதான்:

"அத்தக் கொஞ்சம் நிறுத்து, நாச்சி. ஒரு தபா... தெருவுக்கே கேக்கறாமாரி உன்னக் கூப்புடணும்."