யாரும் ‘வருது’ சொல்லாத மைதானம்

‘வருது.’

எங்கள் தெருவில் இந்தச் சொல்லுக்கு முன்னும் பின்னும் வேறு சொல் தேவையில்லை. குழாயில் முதலில் காற்று சீறும். பிறகு தொண்டையைக் கனைக்கும். முதல் வீட்டுக்காரி குரல் கொடுப்பாள். அவ்வளவுதான், பிளாஸ்டிக் குடங்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு தெரு முழுக்க ஓடும். தண்ணீரைப் பார்த்து யாரும் ஓடுவதில்லை. சொல்லைக் கேட்டு ஓடுகிறோம். இன்று காலையும் அந்தச் சொல் வந்தது. நான் இடுப்பில் குடத்தோடு அப்படியே நின்றுவிட்டேன். பின்னால் வந்தவள் என்மேல் மோதினாள்.

“என்னக்கா, நடுத்தெருவுல நட்டு வச்ச மாதிரி நிக்கிய? ஒண்ணு ஓடுங்க, இல்ல ஒதுங்குங்க.”

ஒதுங்கினேன். உடம்பு சங்கரன்கோவிலில் ஒதுங்கியது. மனம் மலைக்கு அந்தப் பக்கம், ஒரு மைதானத்தின் சிமெண்டுப் படியில் உட்கார்ந்திருந்தது. போன மாதம் அங்கே கண்டது இன்னும் நெஞ்சுக்குள் இறங்கி முடியவில்லை.

என் மகள் கால்பந்து ஆடுகிறவள். வலது ஓரம் அவளுடையது. நடுவில் நிற்கிறவள் நீளமாக ஒரு பந்தைத் தூக்கி அடிப்பாள். இவள் ஓடிப்போய் அது விழுகிற இடத்தில் வாங்கி, கோலுக்குக் கொண்டுபோக வேண்டும். ஊரில் இவளை ஓடிப் பிடித்தவர் கிடையாது. பையன்களும் கிடையாது. ஒருநாள் மைதானத்துக்குள் புகுந்த நாயை விரட்டினாள். மூச்சு வாங்கி உட்கார்ந்தது நாய்தான்.

அந்த மைதானத்தில் உருப்படியான கோல்போஸ்ட் ஒன்றே ஒன்று, கிழக்கே. மேற்கே மலை. ஆடுவது சாயங்காலம். கோலை நோக்கி ஓடுகிறவள் பந்துக்காகத் திரும்பினால் மலைமேல் நிற்கும் வெயில் நேராகக் கண்ணுக்குள் இறங்கும். ஆனி ஆடி என்றால் கணவாய்க் காற்று மண்ணையும் அள்ளி முகத்தில் போடும். ஆகவே இந்தப் பெண்கள் தெருவில் பழகியதையே மைதானத்துக்கும் எடுத்துக்கொண்டு வந்தார்கள். பந்தை அடிக்கிறவள் அடிக்கும்போதே கத்துவாள்: ‘வருது.’ காற்றும் அதே திசையில் வீசுவதால் சொல் பந்துக்கு முன்னால் போய்ச் சேரும். மகள் திரும்ப மாட்டாள். தன் நிழலைத் தானே துரத்திக்கொண்டு ஓடுவாள். பந்து தலையைத் தாண்டிப் போய், புழுதியில் பொத்தென்று விழுந்து அங்கேயே உட்காரும். அவளும் அங்கே இருப்பாள்.

கத்துகிறவள் அவள் தோழி, குருவிகுளத்திலிருந்து பஸ் ஏறி வந்து ஆடிவிட்டுப் போவாள். “ஏட்டி, உன் தொண்டை இருக்கையில கோயில் கொடைக்கு எதுக்கு மைக்செட்டு?” என்று நான் கேட்டால், “ஒங்க மவளுக்குக் கண்ணா இருக்கு? காதுதான இருக்கு. அதான் கத்துதேன் அத்தை” என்பாள். சிரிப்போம். மகளும் சிரிப்பாள்.

மலைக்கு அந்தப் பக்கத்து ஊர் ஒன்றின் தொழில்முறை அணி அவள் ஓட்டத்தைப் பார்த்தே எடுத்துக்கொண்டது. தங்க இடம், சாப்பாடு, சம்பளம். ஒரு சீசன் பார்ப்போம், சரிப்பட்டால் வைத்துக்கொள்வோம் என்பது பேச்சு. போனில் கேட்டால் ‘நல்லா இருக்கேம்மா’ என்பாள். நல்லா ஆடுதியா என்று கேட்டதற்கும் அதே பதில். சீசன் பாதி தாண்டியிருந்தது. கிளம்பிப் போனேன்.

புல். கண்ணைக் குளிரவைக்கிற புல். நாலு மூலையிலும் விளக்கு. எந்தப் பக்கம் திரும்பினாலும் கண் கூசாத வெளிச்சம். வலது ஓரத்தில் என் மகள். நான் முந்தானையைச் செருகிக்கொண்டு முன்னால் சாய்ந்து உட்கார்ந்தேன், ஓடப் போவது நான் என்பதுபோல.

முதல் பந்து வந்தது. அவள் நின்றாள். பந்து அவளைக் கடந்து, புல்லில் வழுக்கி, கோட்டுக்கு வெளியே போன பிறகு கால்கள் கிளம்பின. அடுத்த பந்துக்கும் அப்படித்தான். அதற்கடுத்ததற்கு அவள் போய்ச் சேரும்போது எதிரணிப் பெண் ஒருத்தி, இவள் வேகத்தில் பாதிகூட இல்லாதவள், சாவகாசமாக அந்த இடத்தில் நின்று பந்தைத் திருப்பி அடித்துக்கொண்டிருந்தாள். காலில் அடியோ, காய்ச்சலோ, யாராவது ஏதாவது சொல்லிவிட்டார்களோ. ஊரில் நாயை ஓட்டி மூச்சு வாங்க வைத்தவள் இங்கே எல்லாப் பந்துக்கும் தாமதமாக வருகிறாள். என் பக்கத்தில் இருந்தவர் அவர்கள் பாஷையில் ஏதோ சொல்லிச் சிரித்தார். பாஷை புரியவில்லை. சிரிப்பு புரிந்தது.

அப்போதுதான் அவள் கழுத்தைப் பார்த்தேன். லேசாக ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. அந்தச் சாய்வு எனக்குத் தெரியும். அடுப்படியில் வேலையாக இருக்கும்போது குழாய்ச் சத்தத்துக்காகக் கழுத்தை அப்படித்தான் சாய்த்து வைத்திருப்போம், எங்கள் தெருப் பெண்கள் அத்தனை பேரும். அவள் பந்துக்காக நிற்கவில்லை. ஒரு சொல்லுக்காக நின்றுகொண்டிருந்தாள். அந்த மைதானத்தில் அதை யாரும் சொல்லப் போவதில்லை.

பாதி ஆட்டத்தில் அவளை வெளியே கூப்பிட்டு உட்காரவைத்தார்கள்.

ஆட்டம் முடிந்து பயிற்சியாளரைப் பார்த்தேன். என்னைவிட இளையவர், தமிழ் தெரிந்தவர்.

“வேகத்துல குறை இல்லம்மா. என் டீம்லயே இவதான் வேகம். அதுதான் இவளைக் கெடுத்திருக்கு” என்றார். “மத்த பிள்ளைங்க வேகம் பத்தாம, எங்க நிக்கணும், எப்ப கிளம்பணும்னு பார்த்துப் பார்த்துக் கத்துக்கிட்டு வந்திருக்காங்க. இவளுக்கு அது தேவைப்படவே இல்ல. தப்பா கிளம்பினாலும் ஓடிப் பிடிச்சிருப்பா. இங்க எல்லாரும் ஓடுவாங்க. பந்தும் நிக்காது.”

“இவுகளும் ‘வருது’ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு அடிச்சா என்ன?” என்றேன். கேட்ட பிறகுதான் எனக்கே கூச்சமாக இருந்தது.

அவர் சிரிக்கவில்லை. “சொன்னா எதிரிக்கும் கேட்கும்லம்மா.” மைதானத்தைக் காட்டி, “சீசன் முடியறதுக்குள்ள திரும்பிப் பார்க்கப் பழகணும். இல்லன்னா அடுத்த வருஷத்துக்கு வச்சுக்க முடியாது” என்றார்.

சாப்பாட்டுக் கடையில் எதிரெதிரே உட்கார்ந்தோம். அவள் புரோட்டாவைப் பிய்த்துப் போட்டுக்கொண்டே இருந்தாள், தின்னவில்லை.

“காலுக்கு ஒண்ணும் இல்லைலா?” தெரிந்துகொண்டே கேட்டேன்.

“காலு நல்லாத்தான் இருக்கு. யாரும் சொல்ல மாட்டேங்காவ, ம்மா. முதுகுக்குப் பின்னால ஒரே அமைதி. கிளம்பணும்னு மூளைக்குத் தெரியுது. காலு கேக்க மாட்டேங்கு.”

“வெளிச்சந்தான் நல்லா இருக்கே. திரும்பிப் பாத்தா என்ன?”

“திரும்பினா கண்ணு தானா மூடிக்கிடுது. வெயிலே இல்ல. இருந்தும் மூடுது.”

எங்கள் ஊர் வெயில் மலையைத் தாண்டி இவள் கூடவே வந்து, இவள் இமைக்குள் குடியிருக்கிறது. மகள் குருவிகுளத்துத் தோழிக்குப் போன் போட்டு ஒலிபெருக்கியில் வைத்தாள். விஷயத்தைக் கேட்டதும் அவள், “ஏட்டி, நான் வேணா அங்கன வந்து படிக்கட்டுல நின்னு கத்தட்டுமா? சோறு மட்டும் போடச் சொல்லு” என்றாள். மகள் சிரித்தாள். சிரித்த முகத்தோடேயே கண்ணைத் துடைத்தாள். அதைப் பார்க்க என்னால் முடியவில்லை.

“பையை எடுத்துக்கோ மக்கா. காலையில என்கூட வந்துரு. நம்ம மைதானம் எங்கயும் போயிரல” என்றேன்.

அவள் பிய்த்துப் போட்டிருந்த புரோட்டாவை ஒவ்வொரு துண்டாக எடுத்துத் தின்னத் தொடங்கினாள்.

மறுநாள் காலை பஸ் நிறுத்தத்துக்கு என்னை விட வந்தாள். கையில் என் பை மட்டும் இருந்தது. அவள் பை இல்லை. அவள் என்னைப் பார்த்தபடி நின்றாள். அவள் முதுகுக்குப் பின்னால், ரோட்டு வளைவில், தென்காசி பஸ் தலை காட்டியது. அந்தச் சொல் தானாக என் உதட்டுக்கு ஏறியது. “வரு…” என்றேன்.

அவள் கையை நீட்டி என் வாயை லேசாக மூடினாள். மெதுவாகக் கழுத்தைத் திருப்பினாள். இமைகள் துடித்தன. மூடவில்லை. பஸ் வளைவைத் தாண்டி, வேகம் குறைத்து, எங்கள் பக்கம் ஒதுங்குகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு பையை என் கையில் கொடுத்தாள்.

“நீ சொல்லாத, ம்மா. நானே பாத்துக்கிடுதேன்.”