டிபன் டப்பாவுக்குள் ஒரு கம்ப்ரஸர்

கல்யாணமாகி எட்டு மாதத்தில் என் கணவர் என்னிடம் பேசியதையெல்லாம் ஒரு தபால் கார்டில் எழுதிவிடலாம். "ம்" என்பார். "சரி" என்பார். முடிவெடுக்க வேண்டிய எதைக் கேட்டாலும் "ஒன் இஷ்டம்" என்பார். நானோ பாகாலா ரயில்வே குவார்ட்டர்ஸில் வண்டிச் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசி வளர்ந்தவள். பேசாமல் இருந்தால் எனக்குத் தலை வெடித்துவிடும்.

எண்பதுகளின் தொடக்கம் அது. அவருக்குச் சித்தூரில் ஒரு மாம்பழக் கூழ் கம்பெனியில் ஸ்டோர்ஸ் வேலை. எனக்குத் திருப்பதியில் ஒரு கல்லூரியின் பிசிக்ஸ் லேபில் டெமான்ஸ்ட்ரேட்டர் வேலை. தினம் காலையில் ரயிலேறி, பாகாலா வழியாகப் போய், இருட்டுகிற நேரத்துக்குத் திரும்பி வருவேன். நான் படும் பாட்டைப் பார்த்துவிட்டு, வார நாட்களில் கல்லூரி ஹாஸ்டலிலேயே தங்கிக்கொள்ளச் சொல்லி வார்டன் ஒரு விண்ணப்பம் கொடுத்தார். வீட்டுக்கு வந்து கேட்டேன்.

"ஹாஸ்டல்ல தங்கிக்கட்டுமா? சனிக்கிழமை வந்துடுவேன்."

அவர் கிட்டாரின் கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "ஒன் இஷ்டம்" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போனால் போகட்டும் என்றுதானே அர்த்தம்? வேண்டாம் என்று ஒரு வார்த்தை, அதற்குக்கூட நான் லாயக்கில்லையா? விண்ணப்பத்தை மடித்துக் கைப்பையில் வைத்தேன். கொடுக்கக் கடைசி நாள், எங்கள் கிறிஸ்தவ சபையின் அறுப்புப் பண்டிகைக்கு மறுநாள் திங்கட்கிழமை. அதற்கு ஐந்து வாரம் இருந்தது.

அவர் பேசுவதெல்லாம் கிட்டாரில்தான். கோயில் பாடகர் குழுவில் வாசிப்பார். சாதாரண மரக் கிட்டார். பழைய கிராமபோனின் முள் பிடிக்கும் தலையைக் கழற்றி அதன் வயிற்றில் ஒட்டி, அங்கிருந்து ஒயர் இழுத்து ஆம்ப்ளிபயரில் சொருகியிருந்தார். விரலால் மெல்ல மீட்டினால் பாட்டில் அமுங்கிப் போகும். பலமாகத் தட்டினால் முன்வரிசைப் பெரியவர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். "ஒண்ணு காதுல வுயல, இல்லாங்காட்டி காதையே கிழிக்குது. பண்டிகைக்கு ஆர்மோனியம் போதும்" என்று கமிட்டியில் பேச்சு வந்துவிட்டது. அதையும் அவர் "சரி" என்று கேட்டுக்கொண்டு வந்தார். ஆனால் அன்று ராத்திரி சரியாகச் சாப்பிடவில்லை.

அந்தச் சமயத்தில்தான் கப்பலில் வேலை செய்யும் அவருடைய சிநேகிதர் லீவில் வந்தார். வெளிநாட்டில் வாங்கிய ஒரு பெடல் கொண்டுவந்திருந்தார். பச்சை நிற இரும்புப் பெட்டி. காலால் மிதிக்க ஒரு சுவிட்ச். கிட்டாருக்கும் ஆம்ப்ளிபயருக்கும் நடுவில் அதை வைத்தார்கள். பலமாகத் தட்டினால் சத்தம் தணிந்தது. மெல்ல மீட்டினால் ஏறி வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு பெரியவரும் காதைப் பொத்தவில்லை.

"கம்ப்ரஸர்னு பேரு அண்ணி. லீவு முடிய பத்து நாளு கீது, அதுவரைக்கும் வச்சிக்கங்க" என்றார் சிநேகிதர்.

இவர் முகத்தைப் பார்த்தேன். பத்து நாள் கழித்துப் பெட்டி போய்விடும், கிட்டாரும் மூலையில் சாய்ந்துவிடும். எனக்கு இவர்மேல் கோபம்தான். ஆனாலும் வாய் என் பேச்சைக் கேட்காதே. "பத்து நாள் போதும். நான் இத மாதிரியே ஒண்ணு செஞ்சிக் குடுத்துடறேன்" என்று சொல்லிவிட்டேன்.

நாலு திருகாணியைக் கழற்றினேன். உள்ளே ஒரு பிஸ்கட் அளவுப் பலகை. மேல்பக்கம் ஐந்து டிரான்ஸிஸ்டர், நடுவில் எட்டுக்கால் ஐசி ஒன்று. அந்த ஐசியின் முதுகில் இருந்த எண்ணைச் செய்தவன் அரத்தால் ராவி அழித்திருந்தான். குழம்புக்குப் பக்குவம் சொல்லும்போது ஒரு சாமானை மட்டும் வேண்டுமென்றே விட்டுவிட்டுச் சொல்லும் பெண்களை எனக்குத் தெரியும். எனக்கு அவர்களைப் பிடிக்காது. இவனையும் பிடிக்கவில்லை. ஒரு கை பார்த்துவிடுவது என்று உட்கார்ந்தேன்.

பலகையின் அடிப்பக்கத்தில் செம்புக் கோடுகள் ஓடின. மெல்லிய தாளில் ஒவ்வொரு கோடாக வரைந்து, எது எதோடு சேருகிறது என்று மீட்டர் வைத்துப் பார்த்தேன். நாலு சாயங்காலம் போனது. வரைந்து முடித்துப் பார்த்தால் ஒன்றும் பொருந்தவில்லை. பேட்டரி மின்சாரம் வரவேண்டிய காலில் கிட்டாரின் ஒயர் வந்து நின்றது. பென்சிலைத் தூக்கி எறிந்தேன். "நாசமாப் போக" என்று பெட்டியைத் திட்டினேன். பக்கத்தில் இருந்தவரையும் சேர்த்துத்தான்.

அவர் நாலு நாளும் டார்ச் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். எழுந்து பென்சிலைப் பொறுக்கி வந்து வைத்தார். பிறகு என் தாளை எடுத்துத் திருப்பி, எழுதாத பக்கம் எங்களைப் பார்க்கும்படி ஜன்னல் கண்ணாடியில் வைத்து அழுத்திப் பிடித்தார். வெளிச்சத்தில் கோடுகளெல்லாம் இடம் வலம் மாறித் தெரிந்தன.

"இப்பிடி" என்றார்.

அடிப்பக்கத்திலிருந்து வரைந்துவிட்டு, மேல்பக்கத்திலிருந்து கால்களை எண்ணியிருக்கிறேன். பிசிக்ஸ் படித்தவள் செய்கிற காரியமா! ஸ்டோர்ஸில் வேலை பார்க்கும் மனுஷன் ஒரே வார்த்தையில் நிமிர்த்திவிட்டார். வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

அதன்பிறகு படம் மடமடவென்று பேச ஆரம்பித்தது. சனிக்கிழமை பெட்டியைத் திருப்பதி லேபுக்குக் கொண்டுபோனேன். எங்கள் சீனியர் எட்டிப் பார்த்து, தெலுங்கில் "ஏமிட்டம்மா இதி, டிபன் பாக்ஸா?" என்றார். ஆசிலாஸ்கோப்பில் மாட்டிப் பார்த்தபோது, உள்ளே போகும் அலை எவ்வளவு பெரிதானாலும் வெளியே வரும் அலை ஒரே உயரத்தில் நின்றது. மூளியான ஐசியின் ரகசியம் புரிந்துவிட்டது. வெளியே போகும் சத்தத்தைப் பெட்டியே காது கொடுத்துக் கேட்கிறது. அதிகமானால் தன்னைத்தானே குறைத்துக்கொள்கிறது, குறைந்தால் ஏற்றிக்கொள்கிறது. ரேடியோவின் குமிழ்மேல் எப்போதும் ஒரு கை இருப்பது மாதிரி. அவ்வளவுதான்.

அந்த ஐசி திருப்பதியிலும் கிடைக்காது, மெட்ராஸிலும் கிடைக்காது. என்ன வேலை செய்கிறது என்று தெரிந்தபின் அது எதற்கு? வெளிச்சம் பட்டால் மின்சாரத்தை விடும், இருட்டில் தடுக்கும் சின்ன வில்லை ஒன்று லேபில் உண்டு. அதையும் ஒரு சிவப்பு எல்.ஈ.டி. விளக்கையும் எதிரெதிரே வைத்து, கேமரா பிலிம் ரோல் வரும் கறுப்பு டப்பாவுக்குள் போட்டு மூடினேன். சத்தம் கூடினால் விளக்கு எரியும். விளக்கு எரிந்தால் வில்லை கொஞ்சம் சத்தத்தை எர்த்துக்கு இறக்கிவிடும். சத்தம் ஓய்ந்தால் விளக்கும் அணைந்து, டிரான்ஸிஸ்டர் முழுப் பலத்தோடு ஏற்றிக் கொடுக்கும்.

எல்லாவற்றையும் வைக்க ஒரு உலோகப் பெட்டி வேண்டியிருந்தது. தேடிக்கொண்டிருந்தபோது அவர் தன்னுடைய அலுமினிய டிபன் டப்பாவைக் கழுவித் துடைத்து என் எதிரில் வைத்துவிட்டுப் போனார். அதற்கப்புறம் கம்பெனிக்குச் சோற்றை வாழையிலையில் கட்டிக்கொண்டு போனார். அதைப் பார்த்தும் என் மரமண்டைக்கு ஒன்றும் உறைக்கவில்லை. பெடல் கப்பலுக்குத் திரும்பிப் போனது. விண்ணப்பம் கைப்பையிலேயே இருந்தது. பண்டிகைக்கு முந்தின வெள்ளிக்கிழமை அதைப் பூர்த்தி செய்து கையெழுத்தும் போட்டுவிட்டேன்.

அன்று சாயங்காலம் வீட்டில் டப்பாவைச் சோதித்தோம். நன்றாகவே வாசித்தது. ஒரு குறைதான். கிட்டார் நின்றவுடன் டப்பா என்ன கிடைக்கும் என்று தேடித் தேடி எல்லாவற்றையும் ஏற்றிக் கொடுத்தது. ஃபேன் சுற்றுவது கேட்டது. அடுப்படியில் மாமியார் தோசை திருப்புவது கேட்டது.

"பாட்டு ஆரம்பிக்கும்போதுதான் சுவிட்ச மிதிக்கணும். முடிஞ்சதும் அணைச்சிடணும். மறந்துடாதீங்க" என்றேன்.

"சரி" என்றார்.

பண்டிகையன்று கோயில் நிரம்பி வழிந்தது. பீடத்துக்கு முன்னால் பூசணிக்காயும் கரும்பும் நெல்மூட்டையும் குவிந்திருந்தன. கால் கட்டிய கோழி ஒன்று அவ்வப்போது குரல் கொடுத்தது. பெண்கள் பக்கம் மாமியாரின் அருகில் உட்கார்ந்திருந்தேன். எதிரே குழுவின் ஓரத்தில் அவர். காலடியில் எங்கள் டிபன் டப்பா. கமிட்டிப் பெரியவர் ஒருவர் அதைக் காட்டிப் பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார். நடுவில் அது மக்கர் செய்தால் சிரிப்பு என்னோடு நிற்காது, இவர் இனிமேல் கிட்டாரைத் தொட முடியாது.

"விசேஷப் பாடலுக்கு முன்பு ஒரு நிமிஷம் மௌனமாக ஜெபிப்போம்" என்றார் போதகர்.

எல்லாரும் தலை குனிந்தோம். பதற்றத்தில் இவர் சுவிட்சை அப்போதே மிதித்துவிட்டிருக்கிறார். கிட்டாரைக் கட்டிக்கொண்டு, அதன் தோளில் நெற்றியை வைத்து, வாய்க்குள் முணுமுணுத்து ஜெபித்துக்கொண்டிருந்தார். முதலில் ஸ்பீக்கரில் காற்று மாதிரி ஒரு இரைச்சல் எழுந்தது. அப்புறம் ஒரு குரல். நான் எட்டு மாதமாகக் கேட்டிராத அளவு நீளமாகப் பேசிய குரல்.

"ஆண்டவரே, இந்த டப்பா இன்னிக்கு நல்லா வேல செய்யணும். கண்ண கெடுத்துக்கினு செஞ்சிகீறா. இத்தினி பேருக்கு எதிர்ல அவ மொகம் வாடக் கூடாது."

நான் நிமிர்ந்து பார்த்தேன். கோயிலே நிமிர்ந்து பார்த்தது. ஸ்பீக்கருக்குப் பின்னால் கண்ணை மூடி ஜெபத்தில் மூழ்கியிருந்த அவருக்கு மட்டும் ஒன்றும் தெரியவில்லை.

"அப்புறம் அந்த ஹாஸ்டலு. அவ போயிட்டா வூடு வெறிச்சோடிப் பூடும் ஆண்டவரே. போவாதேன்னு சொல்ல எனுக்கு வாய் வர்ல. நீங்கதான் எப்பிடியாவது சொல்லணும்."

"ஆமென்!" என்று போதகர் கூரை இடிகிற மாதிரி கத்தினார். டப்பா கடமை தவறாமல் அடுத்த நொடியே சத்தத்தை அடக்கியது. பெண்கள் பக்கம் சிரிப்பு அலை அலையாகப் போனது. மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு என் தொடையில் கிள்ளினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கண் நிறைந்து, பூசணிக்காயெல்லாம் கலங்கித் தெரிந்தது.

யாரோ காதில் ஓதியிருக்க வேண்டும். அவர் முகம் மாம்பழம் போலச் சிவந்துவிட்டது. ஆனாலும் வாசித்தார். மெல்லிய மீட்டல் ஒவ்வொன்றும் கடைசி பெஞ்சு வரை போய்ச் சேர்ந்தது.

மத்தியானம் வீட்டுக்கு நடந்தோம். மாமியார் வேண்டுமென்றே நாலு அடி முன்னால் போனார். இவர் தோளில் கிட்டார், என் கையில் டிபன் டப்பா. பாதி வழியில் கேட்டேன்.

"நாளைக்குக் கடைசி நாள். விண்ணப்பத்தக் குடுத்துடட்டுமா?"

அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே நடந்தார். கிட்டாரை அடுத்த தோளுக்கு மாற்றிக்கொண்டார்.

"ஒன் இஷ்டம்."

இந்தத் தடவை நன்றாகவே கேட்டது. திங்கட்கிழமை காலை, விண்ணப்பத்தைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டு, வழக்கம்போல ரயிலுக்கு ஓடினேன்.