மண்ணுக்குள் போன எண்

என் மனைவி கணக்கு டீச்சர். கொரோனாவில் பள்ளிக்கூடம் மூடிக் கிடந்தபோது, மில்லர்புரம் வீட்டின் முன்னறையில் ஒரு கரும்பலகையை மாட்டி, பத்தாம் வகுப்புக் கணக்குகளை வீடியோவாகப் பிடித்து லேப்டாப்பில் சேர்த்து வைத்தாள். அவள் போன பிறகு எனக்கு மிஞ்சியது அவைதான். எங்களுக்குப் பிள்ளை இல்லை. காணாமல் போன கழுதை குட்டிச்சுவரில் நிற்கும் என்பார்கள்; சாயங்காலமானால் என்னை அந்த லேப்டாப் முன்னால்தான் தேட வேண்டும். தேட ஆளில்லை என்பது வேறு விஷயம்.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவன் நான். உயரத்தில் கூண்டுக்குள் ஒற்றையாக உட்கார்ந்தே காலம் போனதால், தனிமை என்னை என்ன செய்துவிடும் என்று வீம்பாக இருந்தேன். செய்துவிட்டது. இருபடிச் சமன்பாடு இந்த வயதில் எனக்கு எதற்கு? ஆனால் ஒவ்வொரு கணக்கின் முடிவிலும் அவள் கையிலுள்ள சாக்பீஸ் தூளைத் தட்டிவிட்டு, நேராக என்னைப் பார்த்து, "புரியலையா? திரும்பப் போட்டுப் பாரு" என்பாள். நான் போட்டுப் பார்ப்பேன்.

எங்கள் ஊர் உப்புக்காற்று ஜன்னல் கம்பியையே தின்றுவிடும்; லேப்டாப்பை விடுமா? ஒருநாள் பொத்தானை அழுத்தினால் உயிர் இல்லை. பழுதுபார்க்கும் கடைக்காரர் திறந்து காட்டினார், மதர்போர்டு முழுக்கப் பச்சையாகக் களிம்பு பூத்திருந்தது. வேறு போர்டு போட்டார். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாக, ஓடத் தொடங்கியதும் ஒரு நீலத் திரை வந்து நாற்பத்தெட்டு இலக்கச் சாவி ஒன்றைக் கேட்டது. போர்டு மாறியதும், தன்னை யாரோ திருடிவிட்டார்கள் என்று அது நினைத்துக்கொண்டதாம். நானோ அவளோ எதையும் பூட்டியதில்லை. முதலிலிருந்தே அது தன்னைத்தானே பூட்டி வைத்திருக்கிறது, எங்களுக்குத்தான் தெரியவில்லை. என் வீட்டுப் பொருளைப் பூட்டிவிட்டு என்னிடமே சாவி கேட்கிற அதிகாரத்தை யார் கொடுத்தது என்று கடைக்காரரிடம் கத்தினேன். பாவம், அவர் என்ன செய்வார்?

"சாவி டீச்சரோட ஆன்லைன் அக்கவுண்ட்ல கெடக்கும் அண்ணாச்சி. அது கெடைக்கலன்னா எல்லாத்தையும் அழிச்சிட்டுத்தான் புதுசா போடணும்" என்றார்.

அக்கவுண்டுக்குள் போக ஒரு ஓடிபி வேண்டும். அது அவள் நம்பருக்குத்தான் வரும். அவள் போன் கல்லறைத் தோட்டத்தில், அவள் பெட்டிக்குள் இருக்கிறது.

எங்கள் சனத்தில் பெட்டியை மூடுவதற்கு முன் கையில் செபமாலையைச் சுற்றிவிடுவார்கள். போனவருக்குப் பிரியமான ஏதாவது ஒன்றையும் சிலர் வைப்பதுண்டு. அவள் தங்கை போனைக் கொண்டுவந்து, "இது இல்லாம அக்கா எங்கன போனா?" என்று அழுதாள். நான்தான் வாங்கிச் செபமாலைக்குப் பக்கத்தில் வைத்தேன். சிம்மைக் கழற்ற வேண்டும் என்று அந்த நேரத்தில் யாருக்குத் தோன்றும்? பிறகு, மண்ணுக்குள் கிடக்கும் போனுக்கு ரீசார்ஜ் செய்கிறவன் பைத்தியக்காரன் என்று விட்டுவிட்டேன்.

அந்த நம்பரை இதற்குள் வேறு யாருக்காவது கொடுத்திருப்பார்கள், கூப்பிட்டுத்தான் பாருங்களேன் என்றார் கடைக்காரர். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுத்தினேன். திரையில் அவள் பெயர் வந்தது. மணி போனது. மண்ணுக்கடியில் அடிப்பதாகவே இருந்தது எனக்கு. எடுத்தது ஒரு இளம்பெண். பின்னால் பாத்திரங்கள் உருளும் சத்தம். ஏரலில் ஒரு பாத்திரக்கடையில் வேலை பார்க்கிறாளாம்.

ஓடிபி என்றதுமே அவள் குரல் மாறிவிட்டது. அதைக் கேட்கிறவன் திருட்டுப்பயலாகத்தான் இருப்பான் என்று முதலாளி சொல்லி வைத்திருக்கிறாராம். வேறு சமயமாக இருந்தால் கெட்டிக்காரி என்று மெச்சியிருப்பேன். எல்லாவற்றையும் சொன்னேன்: டீச்சர், பெட்டி, போன், வீடியோ. சொல்லி முடிப்பதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது. பாத்திரச் சத்தம் நின்றது. கடையை விட்டு வெளியே வந்திருப்பாள் போல.

"டீச்சர் வீடா? இந்த நம்பர் வாங்குனதுல இருந்து, டீச்சர் இருக்காவளான்னு எத்தனயோ பிள்ளைங்க கூப்பிட்டாச்சு. பாஸாயிட்டேன்னு சொல்லணுமாம். நான் ராங் நம்பர்னு வச்சிருவேன். நீங்க ஒருநாளும் கூப்பிடலையே, அண்ணாச்சி?"

போன் எங்கே கிடக்கிறது என்று தெரிந்தவன் எப்படிக் கூப்பிடுவான்? அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாது, அதனால் கூப்பிட்டார்கள். அவர்கள் மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது.

ஓடிபியை ஒவ்வொரு எண்ணாக நிறுத்தி வாசித்தாள். என் போனிலேயே அக்கவுண்ட் திறந்தது, சாவியும் இருந்தது. ஒற்றை விரலால் லேப்டாப்பில் அடித்தேன். ஒருமுறை தப்பாகி, மறுபடி முதலிலிருந்து அடித்தேன். திறந்துகொண்டது. என் மனைவி சாக்பீஸோடு வந்து நின்றாள்.

போனை வைக்குமுன் அந்தப் பெண் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டிருந்தாள். பத்தாவதில் கணக்கில் தோற்றுப் படிப்பை விட்டவளாம், மறுபடி எழுத ஆசையாம். டீச்சர் வீடியோ ஒன்று கிடைக்குமா என்றாள். மறுநாள் வாட்ஸப்பில் ஒன்றை அனுப்பினேன். என் போனில் அது என் மனைவியின் பெயருக்குத்தான் போனது. மேலே அவள் கடைசியாக எனக்கு அனுப்பியது அப்படியே இருந்தது: 'வரும்போது பால் வாங்கிட்டு வாங்க.' அதற்குக் கீழே அவள் பாடம்.

சாயங்காலம் அதே பெயரிலிருந்து பதில் வந்தது. 'பாத்தேன். பாதிதான் புரிஞ்சுது. இதையே டீச்சர் இன்னும் கொஞ்சம் மெதுவா சொன்ன வீடியோ இருக்கா?'

'இல்லம்மா. இதையே திரும்பப் போட்டுப் பாரு. நானும் அதத்தான் செய்யுதேன்' என்று அடித்து அனுப்பினேன்.