எங்கள் இணையப் பெயரின் பூட்டு

எனக்கு வாய் நீளம். இதைச் சொல்லிவிட்டே ஆரம்பிக்கிறேன், இல்லையென்றால் படிக்கிறவர்கள் என்னை நல்லவன் என்று நினைத்துக்கொள்வார்கள்.

தி. நகரில் ஒரு மாடியறையில் நானும் என் நண்பனும் பதினோரு வருஷம் கல்யாண போட்டோ எடுக்கும் தொழில் நடத்தினோம். அவன் கோடம்பாக்கத்துக்காரன். கேமரா அவனுடையது, கண்ணும் அவனுடையது. போன், புக்கிங், வெப்சைட் எல்லாம் என் பொறுப்பு. வெப்சைட்டுக்குப் பெயர் வைத்தவன் அவன்தான். பதிவு மட்டும் என் கணக்கில், என் மெயிலில் இருந்தது.

போன வருஷம் வடபழனியில் ஒரு முகூர்த்தம். அவன் அரை மணி நேரம் தாமதமாக வந்தான். பெண் வீட்டார் அத்தனை பேர் முன்னால், "சம்பளத்துக்கு வர்றவன்கூட நேரத்துக்கு வருவான்" என்று சொல்லிவிட்டேன். பாதித் தொழில் அவனுடையது. அவன் கேமராவைத் தூக்கிக்கொண்டு மேடைக்குப் போனான். தாலி கட்டியதிலிருந்து பந்தி வரை ஒன்று விடாமல் எடுத்து முடித்தான். மறுநாளிலிருந்து மாடிக்கு வரவில்லை.

அவன் இல்லாத அறையில் என்னால் உட்கார முடியவில்லை. சும்மாவாவது கீழே இறங்கிப் போய் டீக்கடையில் நின்றுகொண்டிருப்பேன். ஒரு மாதம் கழித்து வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது: "நான் தனியா பண்ணப்போறேன். அந்தப் பேரை மட்டும் குடுத்துடு."

பெயரைக் கொடுப்பது பெரிய வேலையில்லை. ஒரு கம்பெனியில் பதிந்த இணையப் பெயரை இன்னொரு கம்பெனிக்கு மாற்ற ஒரு கோட் நம்பர் வேண்டும். எழுத்தும் எண்ணும் கலந்து கச்சாமுச்சாவென்று இருக்கும். அது என் மெயிலுக்கு வரும், நான் அவனுக்கு அனுப்ப வேண்டும். கூடவே, என் கணக்கில் அந்தப் பெயருக்குப் போட்டிருக்கும் பூட்டை எடுத்துவிட வேண்டும். பூட்டு இருக்கும்வரை கோட் நம்பர் சரியாக இருந்தாலும் பெயர் நகராது.

நம்பரை அனுப்பினேன். பூட்டை எடுக்கவில்லை.

பெயர் மேல் ஆசைப்பட்டு இல்லை, சத்தியமாக. போட்டுப் பார்ப்பான், மாறாது, கடுப்பாகி எனக்கு போன் பண்ணுவான். "இன்னாடா பண்ணி வெச்சிகீற" என்று திட்டுவான். திட்டினால் போதும், அப்படியே பேச்சை இழுத்து மன்னிப்பு கேட்டுவிடலாம் என்று நினைத்தேன். நானாகக் கூப்பிட வீம்பு விடவில்லை.

மனைவியிடம் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "வாயை விட்டது நீங்க. போன் மட்டும் அவர் பண்ணணுமா?" என்றாள்.

"உனக்கு இதெல்லாம் புரியாது" என்றேன். அவளுக்கு நன்றாகவே புரிந்திருந்தது.

ஒரு வாரம் போனைக் கையிலேயே வைத்திருந்தேன். குளிக்கப் போனால் பாத்ரூம் வாசலில் ஸ்டூல் போட்டு அதன்மேல் வைத்துவிட்டுப் போவேன். லோன் வேண்டுமா என்று யார் யாரோ கூப்பிட்டார்கள். அவன் கூப்பிடவில்லை. மூன்றாவது வாரம் அடையாறிலிருந்து பழைய கஸ்டமர் ஒருவர், "இது உங்க பார்ட்னர்தானே?" என்று கேட்டு ஒரு விசிட்டிங் கார்டை போட்டோ எடுத்து அனுப்பினார். அவன் போன் நம்பர்தான். மேலே எங்கள் வெப்சைட் பெயர் இல்லை, வேறு ஏதோ பெயர்.

அப்போதுதான் நானே அவனைக் கூப்பிட்டேன். முதல் ரிங்கிலேயே எடுத்தான்.

"பூட்டை நான் எடுக்கலடா. நீ கூப்பிடுவேன்னுதான்..." என்றேன்.

"நாலு வாட்டி போட்டுப் பாத்தேன்" என்றான். குரலில் கோபமே இல்லை. "பூட்டு கீதுன்னு காட்டிச்சு. சரி, குடுக்க மனசில்ல போலன்னு வுட்டுட்டேன்."

"ஒரு போன் பண்ணியிருக்கலாமே."

"அன்னிக்கு ஏன் லேட்டாச்சுன்னு நீ கேப்பேன்னு நானும் ஒரு மாசம் போனையே பாத்துகினு இருந்தேன்."

"இப்பவே எடுத்துடறேன். அஞ்சு நிமிஷம். புது கோட் நம்பர் அனுப்பறேன், போட்டுப் பாரு" என்று அவசர அவசரமாகச் சொன்னேன்.

"வேணாம். கார்டெல்லாம் அடிச்சாச்சு. நீயே வெச்சிக்கோ" என்று சொல்லி வைத்துவிட்டான்.

அப்போதும் ஏன் லேட் என்று நான் கேட்கவில்லை. போனைக் கீழே வைத்த பிறகுதான் அது எனக்கு உறைத்தது.