இரண்டாம் தரம்

மெல்பேர்னில் ட்ராம் தொழில் மாநாட்டுக்கு ஆயத்தங்கள் நடந்தன. வருகிறவர்களை ஏற்றிச் செல்லும் பழைய ட்ராமை எந்தச் சாரதி ஓட்டுவது என்பதே எங்கள் டிப்போவில் பேச்சு. அதன் பித்தளைக் கைபிடிகளை ஒரு கிழமையாக மினுக்கியவன் நான். வெள்ளைக்கார மனேஜர் என்னைக் கேட்டபோது, மரியாதைக்கு, "வேறு யாராவது ஓட்டட்டும்" என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் போய், புதிதாகச் சேர்ந்திருந்த யாழ்ப்பாணத்துக்காரரைக் கேட்டார்.

கட்டையான மனிதர், மழித்த முகம் எப்போதும் மினுங்கும். எதை நீட்டினாலும், ஒருதரமும் மறுக்காமல், முதல் தரமே வாங்கிக்கொள்வார். என் பெட்டியிலிருந்த கடைசி வடையும் அப்படித்தான் போனது.

"ட்ராமை எப்பிடி உங்களிட்டக் குடுத்தவை?" என்று கேட்டேன்.

"கேட்டவை, ஓம் எண்டனான். நீங்கள் வேண்டாம் எண்டியளாமே அண்ணை?"

"இன்னொருக்காக் கேப்பினம் எண்டு நினைச்சன்."

"இஞ்ச ஆர் அண்ணை ரெண்டாந்தரம் கேக்கிறது?"

மாநாட்டன்று, நான் மினுக்கிய கைபிடியைப் பிடித்தபடி அவர் நிற்க, எல்லோரும் படமெடுத்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது. திரும்பி வந்தவர், தனக்குக் கொடுத்த கேக்கில் பாதியை என்னிடம் நீட்டினார்.

"வேண்டாம்" என்றேன்.

அவர் கையை இழுக்கவில்லை.

"எடுங்கோ அண்ணை" என்றார், இரண்டாம் தரமும்.

நிம்மதியாகப் பொறாமைப்படக்கூட விடவில்லை அந்த மனிதர்.