தேர் நிலைக்கு வந்த மறுநாள்

முத்தம்மாக்கா இன்று காலை இறந்துவிட்டார்கள்.

"சித்தி, அம்மா போயிட்டாக..." என்று போனில் சொன்ன அவர்கள் மகள் செல்வி, அதே மூச்சில் இன்னொன்றும் சொன்னாள். "தேர் நேத்தே நிலைக்கு வந்துட்டு சித்தி. தெருவக்கூடப் பெருக்கிட்டாக. அதுக்குப் பொறவுதான் போனாக."

எனக்கு முதலில் அழுகை வரவில்லை. அப்பாடா என்று இருந்தது. தப்பாக நினைக்காமல் முழுசாகப் படியுங்கள்.

அக்காவும் நானும் ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் பல வருஷம் ஒன்றாக வேலை பார்த்தோம். பேக்கிங் செக்‌ஷன், எதிரெதிர் டேபிள். அவர்கள் வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில், ஆண்டாள் தேர் ஓடும் வீதியிலேயே.

ஆடிப்பூரத்துக்கு அவர்களுக்கு லீவு, அவர்கள் வேலையும் என் தலையில். கிறிஸ்துமஸுக்கு எனக்கு லீவு, என் வேலை அவர்கள் தலையில். சூப்பர்வைசருக்கே தெரியாத அக்ரிமெண்ட் அது.

தேர் முடிந்து வரும்போது எனக்குக் கண்ணாடி வளையல் வரும். ஒரு தடவைகூட அளவு சரியாக இருந்ததில்லை. லொடலொடவென்று கிடக்கிறதே அக்கா என்றால், "வளையலக் குறை சொல்லாதட்டி. நேரத்துக்குச் சாப்பிடு, கை தன்னால பெருக்கும்" என்பார்கள்.

ஒரு வருஷம் பால்கோவா கேட்டேன். "அதுக்கு எதுக்குட்டி தேரு? பஸ்ஸ்டாண்டுலயே விக்கான்" என்றார்கள். கடைசிவரை வாங்கித் தரவில்லை.

ஒரே ஒரு வருஷம்தான் வளையல் வரவில்லை. கேண்டீனில் டிபன் பாக்ஸைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். என்னக்கா என்று கேட்ட பிறகுதான் சொன்னார்கள்.

தேரன்று விடியக்காலையில் அவர்கள் மாமனார் இறந்துவிட்டார். தேர் வருகிற தெருவில் ஒரு வீட்டில் பிணம் கிடந்தால் அதை எடுத்து, தெருவைக் கழுவிவிட்ட பிறகுதான் தேர் வரணும் என்பது அங்கே வழக்கமாம். வாசலில் ஏற்கெனவே கோலம் போட்டாகிவிட்டது, ஊர் ஜனம் வந்துகொண்டிருக்கிறது.

யாரும் வந்து எதுவும் சொல்லவில்லை. இவர்களாகவே பின்சந்து வழியாக ஒரு வேனில் ஏற்றி, மம்சாபுரத்தில் சொந்தக்காரர் வீட்டுக்குக் கொண்டுபோய், அங்கே வைத்துக் காரியத்தை முடித்திருக்கிறார்கள்.

"சத்தம் வெளிய போயிரக்கூடாதுன்னு ரேடியோவப் போட்டுட்டு, வாயில சேலையத் திணிச்சுக்கிட்டு அழுதோம்ட்டி. என்னைய மக மாதிரி வச்சிருந்தாக. ஒரு ஒப்பாரி வைக்க முடியல."

அந்த டிபன் பாக்ஸை அன்றைக்குத் திறக்கவே இல்லை.

இந்த வருஷம் அக்காவுக்கு உடம்பு ரொம்ப முடியாமல் போனது. இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அப்போது ஆடிப்பூரத்துக்குக் கொடி ஏறியிருந்தது.

அக்காவுக்குச் சாவைப் பற்றிப் பயமே இல்லை. தேதியைப் பற்றித்தான் பயம்.

"ஆண்டாளுக்குப் பொறந்தநாள் ஸ்டெல்லா... பொறந்தநாள் அன்னைக்கு வாசலுக்கு வாரவ முன்னால நான் பொணமாக் கெடக்கலாமா? எம் புள்ளைகளும் வாயப் பொத்திக்கிட்டா அழணும்?"

நான்தான் சொன்னேன், தேர் முடிகிறவரை எங்கள் வீட்டில் இருங்கள் என்று. செல்வியும் சரி என்றாள். ராஜபாளையத்துக்குக் கூட்டி வந்து என் ரூமைக் கொடுத்தேன்.

சர்ச்சில் ஜெபக் குறிப்பும் எழுதிக் கொடுத்தேன். "ஒரு சகோதரிக்கு இன்னும் நாலு நாள் வேண்டும்" என்று மட்டும். ஆடிப்பூரத்துக்காக என்று எப்படி எழுதுவது?

நேற்று விடிந்ததும் பார்க்கிறேன்... அக்கா கட்டிலில் உட்கார்ந்து தலையைச் சீவிக்கொண்டிருக்கிறார்கள். "ஆட்டோவக் கூப்பிடு. தேரு பாக்கப் போறேன்."

செல்வி போனில் அழுதாள். "விடாதீக சித்தி. வழியில, வாசல்ல எதுவும் ஆயிட்டா..." நானும் வேண்டாம் என்றுதான் கெஞ்சினேன்.

"கோயிலுக்கு வர ஏலாதவளப் பாக்கத்தானட்டி அவ தேருல ஏறித் தெருவுக்கு வாரா. நான் ஒளிஞ்சுக்கிட்டு இங்ஙன கெடந்தா எப்படி?"

ஆட்டோவைக் கூப்பிட்டேன். கூட்டிப் போனேன். ரோட்டை அடைப்பதற்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டோம்.

வாசலில் பிளாஸ்டிக் சேரில், முதுகுக்குத் தலையணை வைத்து உட்கார வைத்தோம். தூரத்தில் "கோவிந்தா, கோபாலா" சத்தம் கேட்டதும் அக்காவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. செல்வி என் கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்துவிட்டது.

தேர் வந்தது. எங்கள் நேரம், சரியாக வீட்டுக்கு எதிரில் வந்து நின்றது. சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துத் திசை திருப்ப வேண்டுமாம்.

தெருவே ஆண்டாளைப் பார்த்துக் கும்பிட்டது. நானும் செல்வியும் மட்டும் அக்காவின் நெஞ்சைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஏறுகிறதா, இறங்குகிறதா என்று...

என் ஆண்டவரிடமும் கேட்டேன், மேலே இருந்த அந்தப் பிறந்தநாள்காரியிடமும் கேட்டேன். யார் கேட்டார்களோ தெரியாது. வடம் அசைந்தது. தேர் மூலை திரும்பியது.

"போயிட்டாளா?" என்றார்கள். போயிட்டா அக்கா என்றேன்.

"அம்புட்டுத்தான். இனி எப்பனாலும் சரி. எனக்குக் கொஞ்சம் சுக்குக்காப்பி போடச் சொல்லு."

பாதி டம்ளர் குடித்தார்கள். அதைப் பார்த்துவிட்டுத்தான் நான் ராஜபாளையம் திரும்பினேன். சாயங்காலம் தேர் நிலைக்கு வந்துவிட்டது என்று செல்வி வந்து சொன்னபோது, கேட்டது என்பதுபோலத் தலையை ஆட்டினார்களாம்.

இன்று காலை நான் போனபோது தெருமுனையில் ஆட்டோவை விட்டு இறங்கிவிட்டேன். வீடு இன்னும் கண்ணில்கூடப் படவில்லை.

அக்கா, உங்கள் பிள்ளைகள் வாய்விட்டு அழுதார்கள். தெருமுனை வரைக்கும் கேட்டது.

போய்வாருங்கள்.